கொரியத் தோட்டத்தில் ஒரு குரல்

9 ஜூன் 1996, ஞாயிறு

வேலையிடத்துத் தோழி சூன்மி இன்று என்னைத் தன் காரில் கொரியத் தாவரத் தோட்டம் ஒன்றைப் பார்க்கக் கூட்டிப்போனாள். மூங்கில்களுக்கிடையே நான் தனியாக நின்றபோது, பின்னாலிருந்து ஒரு குழந்தை, "அம்மா, வா!" என்றது. "வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். ஒருவரும் இல்லை.

நடந்ததைச் சொன்னதும் சூன்மி சிரித்தாள். கொரிய மொழியிலும் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், 'வா' என்றால் அங்கும் வா தானாம். பிறகு, அந்தப் பிள்ளையைத் தேடினோம். இன்று குழந்தைகள் யாரும் உள்ளே வரவில்லை என்று வாசலில் நின்றவர் சொன்னதும் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

அது எங்கள் மகனின் குரல்போல இருந்தது என்று வீட்டில் இவரிடம் சொன்னேன். அதற்கு இவர்:

"எங்கட மகன் காணாமல் போகேக்க அவனுக்கு மீசை முளைச்சிட்டுது. அவன் ஏனப்பா குழந்தைக் குரலில கூப்பிடப்போறான்? இந்த வருசமாவது திவசத்தைச் செய்வம். ஓம் எண்டு சொல்லு."

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் சொல்வதும் 'வாறன்', விடைபெறும்போது சொல்வதும் 'வாறன்'. தோட்டத்தில் நான் எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இவர் தூங்கிவிட்டார். திவசத்துக்குச் சம்மதித்து நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.