கழற்றப் போய் விட்டுவந்த ரேடியோ

என்னங்க, எழுந்ததும் லாரிச் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள். பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன்.

"என் வண்டிக்குள்ள என்னைக் கேக்காம ஏன் கைய வச்ச? ரோட்டுலயும் உன் குரல் துரத்தணுமா?" என்று நேற்று கேட்டீர்களே, அது சுருக்கென்று தைத்தது. ஊரார் லாரிக்கெல்லாம் இரு பக்கமும் பேசிக்கொள்கிற ரேடியோ மாட்டுகிறவள் நான்; உங்கள் லாரியிலும் ஒன்றை மாட்டினேன், அவ்வளவுதான். தூக்கமே பிடிக்கவில்லை. விடிந்ததும் கழற்றிவிடுவோம் என்று ஸ்க்ரூ டிரைவரோடு உங்கள் கேபினில் ஏறினேன்.

ஒயரைப் பிடுங்குமுன் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். "யாராவது இருக்கீங்களா?" என்று யாரோ ஒரு டிரைவர் கேட்டார்.

"இருக்கேன், சொல்லுங்க."

"பிரேக் சூடாகி மலைச் சரிவுல நிக்கிறேன். போன்ல சிக்னல் எடுக்கல. ஒரு குரல் வந்துச்சே, அது போதும்."

இடத்தைக் கேட்டு, லாரி யார்டுக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொன்னேன். போன மாதம் நீங்களும் அந்தச் சரிவில்தான் தனியாக மாட்டிக்கொண்டு நின்றீர்கள். அவரிடம் பேசிய பிறகு எனக்குக் கழற்றக் கை வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைச் சீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். வேண்டாமென்றால் நீங்களே கழற்றிவிடுங்கள்.

நான் யார்டுக்குக் கிளம்புகிறேன். இன்று வரிசையாக வண்டிகளுக்கு மாட்டி, ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கிற வேலை.

தாளில் கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: ரேடியோவில் பேசுவதானால் மைக் பட்டனை அழுத்தி, கொஞ்சம் பொறுத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் வார்த்தையை அது விழுங்கிவிடும். திட்டுவதாக இருந்தாலும் எனக்கு முழுசாகக் கேட்க வேண்டும்.