வாசல் நிலை

என் தங்கத்துக்கு,

உன் ஆராய்ச்சிக்காக நம் வீட்டு ஆட்களின் உயரத்தை அளந்து அனுப்பச் சொன்னாய். அளந்துவிட்டேன். அனுப்பலாமா என்றுதான் புரியவில்லை.

ஒருவரின் உயரத்தில் பெற்றவர்கள் கொடுத்தது எவ்வளவு, வளர்ந்த வீட்டுச் சோறு கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதாகச் சொன்னாயே. தப்பான அளவு வந்தால் உன் கணக்கு கெட்டுவிடுமா?

"ஏளா, நம்ம உயரத்தையே எழுதி அனுப்பு. பிள்ளைக்கு என்ன தெரியப் போகுது?" என்கிறார் உன் அப்பா. சொல்லிவிட்டு அவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சிவகாசி ஆலையில் என்னோடு பட்டாசுச் சரம் பின்னிய வள்ளித்தாய்க்கு நம் வாசல் நிலை தலையில் இடிக்கும். உனக்கும் இடிக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும் ஒருநாளும் இடித்ததில்லை.

ஆலை வெடித்த அன்று காய்ச்சலென்று நான் வேலைக்குப் போகவில்லை. கைக்குழந்தையை என்னிடம் விட்டுப் போன வள்ளித்தாயும் அவள் புருஷனும் திரும்பவே இல்லை. அந்தக் குழந்தைதான் இப்போது உயரம் கேட்கிறது.

பெற்றவர்கள் என்ற இடத்தில் யாரை எழுதுவது? வள்ளித்தாயின் உயரத்துக்காக வாசல் நிலையையும் அளந்து வைத்திருக்கிறேன். சோற்றுக்கும் உன் கணக்கில் இடம் இருந்தால், அங்கே என்னைப் போட்டுக்கொள்.

வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவதென்று தெரியாத,
அம்மா