கரண்ட் போகும் நேரத்துப் பாட்டுப்பெட்டி

குடியாத்தம்
20.9.1978

அன்புள்ள மகள் சௌந்தரத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுக்கிறோம், அதை நலம் என்றுதான் எழுத வேண்டும். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் என் ராசாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கெங்கையம்மன் துணை நிற்பாள். குழந்தைக்கு உன் அப்பா பெயரையே வைத்துவிட்டாய், ஊரெல்லாம் கூப்பிடுகிறது, கட்டினவள் நான் மட்டும் கூப்பிட முடியாமல் ராசா என்று சமாளிக்கிறேன். அவன் விழித்திருக்கும் நேரமெல்லாம் கத்துகிறான், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், அடக்க வழி சொல் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் பதில் எழுதுகிறேன். பொங்கலுக்கு வரவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு எனக்கு அடுப்படியில் கையே ஓடவில்லை. போன தடவை காட்பாடியில் ரயில் ஏறும்போது போய்ட்டு வர்றேம்பா என்று நீ திரும்பத் திரும்பச் சொல்லியும் அப்பா உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் மூட்டையை எண்ணிக்கொண்டு நின்றார், அவருக்குப் பாசம் விட்டுப்போச்சு, யாரைப் பார்க்க வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இன்லேண்டில் இடம் போதாது என்று நோட்டுத் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆடி மாசம் அப்பா லுங்கிக் கட்டு எடுத்துக்கொண்டு ஆம்பூருக்கு, தோல் மண்டி மக்பூல் அகமது வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது லுங்கியும் இல்லை, காசும் இல்லை, கையில் ஒரு கிராமபோன் பெட்டி. சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கிற ரகம், பக்கத்தில் சாவி கொடுக்கக் கைப்பிடி. மக்பூலின் அம்மா ஹலீமா பீதான், எங்க வூட்ல ரேடியோ வந்தப்புறம் இத எவனும் தொடறதில்ல, பாட்டுன்னா நீங்க உசுர விடுவீங்க, எடுத்துட்டுப் போங்க என்றார்களாம். இவர் சும்மா வாங்க மனசில்லாமல் கட்டோடு லுங்கியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மண்டியில் கிடந்த பெட்டியாச்சே, திறந்ததும் வீடு முழுக்கப் பச்சைத் தோல் நாற்றம். சாம்பிராணி போட்டேன், போகவில்லை. ரிக்கார்டுகளை மொட்டை மாடியில் வெயிலில் காய வைக்கப் போனேன், அப்பா ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார், அப்பளம் மாதிரி வளைந்துவிடுமாம். ஒரு குக்கருக்கு வழியில்லாத வீட்டில் இது இன்னாத்துக்கு என்று சண்டை போட்டேன். அதற்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நம் தெருவில் கரண்ட் இருந்தால் பவர்லூம் ஓடுகிற சத்தத்தில் ரேடியோ கேட்காது, கரண்ட் போனால் தறியோடு சேர்ந்து ரேடியோவும் நின்றுவிடும். இதுக்குக் கரண்டே வேணாண்டி, நானும் ஒரு பாட்ட முழுசா கேட்டுட்டுப் போறேன் என்றார்.

அந்தப் பெட்டிக்கு அவர் செய்த சவரட்சணையை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னைத் தொட்டிலில் போட்டு வளர்த்தபோதுகூட இவ்வளவு பார்த்ததில்லை. பாட்டுக்கு ஒரு புது ஊசி, போட்ட ஊசியைத் திரும்பப் போட்டால் தட்டைக் கீறிவிடும் என்பார். தறியில் விழுகிற கழிவு நூலைப் பஞ்சு மாதிரி உருட்டி ரிக்கார்டைத் துடைப்பார். சாவி கொடுக்கும்போது கை இறுகினதும் நிறுத்திவிடுவார், அதற்கு மேல் முறுக்கினால் ஸ்பிரிங் அறுந்துவிடும். தறிக்கு விடுகிற எண்ணெயை இதற்கு விடக் கூடாது என்று தனியாக ஒரு புட்டி. மத்தியானம் கரண்ட் போனதும் தெருவே அமைதியாகிவிடும், இவர் வேட்டியை உதறிக்கொண்டு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எனக்கும் போகப் போகப் பிடித்துப்போயிற்று, பொய் சொல்வானேன்.

ஆவணியில் ஆரம்பித்தது வினை. பெட்டியில் சத்தம் கம்மியாயிடுச்சி என்றார். சத்தம் கூடும் என்று தடி ஊசி வாங்கி வந்து போட்டார், எதிர்வீட்டுச் சௌராமன் மனைவி காதைப் பொத்திக்கொண்டு வந்து என்ன இவ்வளவு சத்தம் என்று கேட்டாள், இவர் இன்னும் கம்மி என்றார். எனக்குப் பேஜாராகிவிட்டது. நச்சரிப்பு தாங்காமல் அவரோடு நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். ஷபீ அஹமது என்று ரேடியோ ரிப்பேர் செய்கிறவர், பெட்டியைப் பிரித்து, ஸ்பிரிங்கைத் துடைத்து, ரப்பர் மாற்றிப் பாட வைத்தார். சத்தம் கேட்டு ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உன் அப்பா பெட்டிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு, இன்னும் சரியாவல பாய் என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஏங்க என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன். அப்புறம் சௌந்தரம், உன் மகனுக்கு வைத்திருக்கிறாயே, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். கடைக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். உன் அப்பா திரும்பவில்லை, ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தறி இரைச்சலில் காது நரம்பு தேய்ந்துவிட்டதாம், போனது திரும்பாதாம், மிச்சமும் போய்க்கொண்டே இருக்குமாம். காதுக்கு மிஷின் வைத்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நமக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தறிக்காரர் வீட்டில் யார் மெதுவாகப் பேசுகிறார்கள்? எல்லாரும் கத்துகிறோம், பாதிக்கு மேல் கைஜாடை. இவரும் வாயையும் கையையும் பார்த்தே பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறார். நான் சொன்னதற்குப் பதில் வராவிட்டால் திமிர் என்று நினைத்துக்கொண்டேன், அது கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்தானே. காட்பாடியிலும் அதுதான் நடந்தது அம்மா. குனிந்து மூட்டையை எண்ணிக்கொண்டிருந்த மனுஷனுக்கு நீ சொன்னது காதில் விழவே இல்லை. வீட்டுக்கு வந்து, பொண்ணு ஒரு வார்த்த சொல்லிக்காம ஏறிட்டாளேடி என்று என்னிடம் சொல்லிச் சாப்பிடாமல் படுத்தார். ஒருத்தர்மேல் ஒருத்தர் குறைப்பட்டுக்கொண்டு ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அவரிடம் காதில் அழுக்கு, மருந்து விட்டால் சரியாகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பினாரா தெரியாது. நேற்று மத்தியானம் கரண்ட் போனது. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்துவிட்டது, ஊசி கடைசியில் போய்க் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறது, இவர் அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எழுந்து போய் ஊசியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. சாவி தீர்ந்து தட்டு நின்ற பிறகு கண்ணைத் திறந்து, இன்னிக்கு நல்லா கேட்டுச்சிடி என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வலது காதில் மட்டும், கிட்டத்தில் போய்க் கத்தினால் இன்னும் விழுகிறது. எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியவில்லை. பேரன் பேசி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. போட்டோவைப் பார்த்து அவன் தாத்தா தாத்தா என்று கத்துகிறான் என்று எழுதியிருந்தாய். அதனால் பொங்கல், லீவு என்று பார்க்காதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் குழந்தையோடு கிளம்பு, நான் காட்பாடிக்கு வந்து நிற்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. நீ தீர்க்க சுமங்கலியாக இரு, ராசாவுக்கு வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. அவன் கத்துவதற்கு வழி கேட்டிருந்தாயே, அக்கம்பக்கத்தார் எது வேண்டுமானாலும் சொல்லட்டும், நீ குழந்தையை அடக்காதே. நன்றாகக் கத்தட்டும்.

உன் அம்மா
கமலவேணி