முதுகுக் கயிறு

அன்புள்ள மெர்வினுக்கு,

டொரீன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஆடுகளுக்குத் தீவனம் வந்ததா?

போன சனிக்கிழமை பாலரட் நகர மண்டபத்தில் பழங்கால உடை நடனம் நடந்தது. பேக்கரி வேலைக்கென்று உங்களை விட்டு வந்தபின் நான் போன முதல் நடனம் இதுதான். ஐந்தாவதோடு நின்ற நான் வெட்டித் தைத்த பச்சைக் கவுனில் ஒரு சுருக்கம் கிடையாது. ஆனால் முதுகுக் கயிற்றை இழுத்துக் கட்டக் கை எட்டவில்லை. கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுத்தேன், கைப்பிடிதான் கழன்றது. கடைசியில் விடுதியில் பக்கத்து அறை லாரிக்காரர் டிரெவரைக் கூப்பிட்டேன்.

"எனக்கு லாரில சரக்கு கட்டுற முடிச்சுதான் தெரியும் பாட்டி," என்று இறுக்கிவிட்டார்.

மூச்சு முட்டியது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நாற்காலியிலேயே இருந்தேன். தளர்த்திவிடச் சொல்ல வாய் வரவில்லை.

"உன் வீட்டுக்காரர் எங்கடி? அவர் கட்டினா அளவா இருக்குமே," என்றாள் சிநேகிதி வயலெட். சிரித்து வைத்தேன்.

அந்தக் காலத்து வேலைக்காரப் பெண்கள் கயிற்றை முன்பக்கம் வைத்துத் தாங்களே கட்டிக்கொள்வார்களாம். அறைக்குத் திரும்பியதும் கவுனை அப்படி மாற்றக் கத்தரியை எடுத்தேன். வெட்ட மனம் வரவில்லை.

இங்கே குளிர். உங்கள் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். மே மாத நடனத்துக்கு ஆடுகளை விட்டு வர முடியுமா என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவரை கவுனின் முதுகை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

டொரீன்