உங்க காருல நான் ஈயம் வெச்ச நாலு ஒயர்

சண்டை போடக்கூட ஆளில்லாம என்னை விட்டுட்டுப் போன என் அருமைச் சம்பந்தியம்மாவுக்கு,

போன வாரம் உங்க முதல் வருஷத் திதி. இலை போட்டதும் ஆளுக்கொரு நல்ல வார்த்தை உங்களப் பத்திச் சொன்னாங்க. நான் வாயே திறக்கல. நான் சொல்ல வேண்டியத பந்தியில உக்காந்து சொல்ல முடியாது. அதான் எழுதறேன். அஞ்சாங்கிளாஸ் கை, கோணலாத்தான் வரும். டீச்சராச்சேன்னு சிவப்பு மையால சுழிக்காதீங்க.

விஷயம் உங்க காரப் பத்தி. வாங்கிப் பதினஞ்சு வருஷம் முடியுது. ஆர்சி புதுப்பிக்கணும்னா புகை டெஸ்ட் பாஸாகணும். வண்டியோ பெட்ரோலக் குடிக்குது, பின்னாடி கரி நாத்தம், முன்னாடி எப்பவும் ஒரு மஞ்ச விளக்கு. நம்ம பேத்தி பவித்ரா அடியில படுத்துப் பாத்துட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு ஆயா"ன்னா. புகை போற குழாயில சொருகியிருக்கிற விரல் நீளச் சாமான் அது. புகையில ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம்னு மோந்து பாத்து, பெட்ரோலக் கூட்டு, குறைன்னு இஞ்சினுக்குத் தகவல் சொல்லுமாம்.

கம்பெனி சாமான் விலையக் கேட்டா மயக்கம் வருது. பவி வேற வழி சொன்னா. எல்லா வண்டிக்கும் போடற மாதிரி பொது சென்சார்னு ஒண்ணு இருக்காம். பாதி விலைகூட இல்ல. என்ன, அதுல பிளக் இருக்காது, நாலு ஒயர் மொட்டையா தொங்கும். பழைய சென்சார்ல இருக்கிற பிளக்க வெட்டி எடுத்து, எந்த ஒயர் எதுக்குன்னு பாத்து, இதோட சேக்கணும்.

உங்க மாப்பிள்ளை சேகருக்கு சிரிப்பு தாங்கல. என் புள்ளதானே, வாய் எங்க போவும்! "எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பா? கடிக்காம விடுமா?"ன்னான். அப்புறம் சிரிக்காமலே சொன்னான்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு பவி. டெஸ்ட் பாஸாச்சுன்னா வண்டி உனக்கு. இல்லேன்னா பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடுவேன்."

உங்களுக்குத் தெரியாது, பவி மறைமலை நகர் கார் கம்பெனி வேலைய விட்டுட்டா. உங்க கார் டிக்கியில ஸ்பானர் பெட்டிய வெச்சுக்கிட்டு வீடு வீடாப் போய்ப் பழைய கார்கள ரிப்பேர் பண்றா. இந்த வண்டி போச்சுன்னா அந்த வேலையும் போச்சு. அதுவும் இல்லாம, சேலையூர்ல ஒரு ரிட்டயர்டு சாரும் இன்னும் ரெண்டு பேரும், "முதல்ல உன் வண்டியில போட்டுக் காட்டும்மா, அப்புறம் எங்களுக்குப் போடலாம்"னு காத்துக்கிட்டிருந்தாங்க.

பவி கார் மெக்கானிக் படிப்புல சேந்தாளே, அந்தப் படிப்புக்காகத்தானே நம்ம சண்டை? பொம்பளப் புள்ள கிரீஸ் பூசிக்கிட்டு நின்னா யாரு கட்டிக்குவான்னு நான் கத்தினேன். "கட்டிக்கிறவன் காரும் ஓடணும்ல சம்பந்தி"ன்னு நீங்க சிரிச்சீங்க. அன்னையிலருந்து உங்ககிட்ட நேராப் பேசறத நிறுத்திட்டேன். எதிர்ல உக்காந்திருப்பீங்க, "சம்பந்தியம்மாவுக்குக் காபி வேணுமான்னு கேளு"ன்னு உங்க மககிட்ட சொல்லுவேன். வெள்ளத்துல எங்க முடிச்சூர் முழுக்கத் தண்ணி நின்னப்ப, கீழ்க்கட்டளையிலருந்து இதே கார ஓட்டிக்கிட்டு வந்து, பெருங்களத்தூர் மேட்டுல காத்திருந்து எங்களக் கூட்டிக்கிட்டுப் போனவங்க நீங்க. எனக்கு எப்படி மனசு வந்துச்சு?

சரி, நடந்ததச் சொல்றேன். திதிக்கு முந்தின வாரம், ஞாயித்துக்கிழமை காலையில பவி வாசல்ல உக்காந்து ஒயர்களப் பிரிச்சு வெச்சா. புது சென்சார் டப்பாவோட நாலு சின்னக் குழாய் வந்திருந்தது. ரெண்டு பக்கமும் ஒயர விட்டு, இடுக்கியால ஒரு அழுத்து, மேல கறுப்பு உறை, அவ்வளவுதானாம்.

"இது ஒரு இணைப்பா?"ன்னேன்.

"இது போதும் ஆயா."

அதுக்குள்ள அடுத்த தெருவுல ஏதோ கார் நின்னுடுச்சுன்னு போன். "வந்து அழுத்திக்கறேன், நீ தொடாத"ன்னுட்டு ஓடினா.

தொடாதன்னா என் கை கேக்குமா? தாம்பரம் சானடோரியம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இருபத்திரெண்டு வருஷம் ஈயம் வெச்ச கை. நான் பத்த வெச்ச போர்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லன்னு சூப்பர்வைசரே வாயால சொன்னாரு. பரண்லருந்து என் சால்டரிங் அயர்ன எடுத்தேன். அந்தக் குழாய் நாலையும் என் அயர்ன் டப்பாவுல போட்டுட்டு, அவ வெச்ச ஜோடி மாறாம நாலு ஒயரையும் பத்த வெச்சு, உறை போட்டு மூடிட்டேன். கண்ணாடி போடாமலே!

பவி வந்து இழுத்துப் பாத்தா. "நீயே அழுத்திட்டியா? ஆயாவா கொக்கா!"ன்னா. நான் தலைய ஆட்டினேன். வித்தியாசம் அவளுக்கே தெரியலன்னு உள்ளுக்குள்ள ஒரு குஷி. பொய்யின்னு அப்ப தோணல.

அன்னைக்கே வண்டியில மாட்டினா. ரெண்டு நாள் பூ மாதிரி ஓடிச்சு. புதன்கிழமை டெஸ்டுக்குப் போற வழியில மஞ்ச விளக்கு மறுபடி எரிஞ்சது. டெஸ்ட் ஃபெயில்.

சேகர் இரும்புக்காரருக்குப் போன் போட்டு, "வெள்ளி மத்தியானம் வந்துடுங்க"ன்னான், அவ்வளவுதான். பவி சாப்பிடல. "விலை கம்மின்னு வாங்கினது என் தப்பு ஆயா. அந்த மூணு பேருக்கும் வேணாம்னு நாளைக்கே சொல்லிடப் போறேன்"ன்னா. நான் அவ தட்டுல ரசம் ஊத்திக்கிட்டு இருந்தேன்.

வியாழக்கிழமை காலையில வாசல் கூட்டறப்ப அந்த டப்பா கிடந்தது. உள்ள ஒரு தாள், பூரா இங்கிலீஷ். படத்துக்கு எதுக்கு இங்கிலீஷ்? சால்டரிங் அயர்ன் படம், அது மேல பெரிசா ஒரு பெருக்கல் குறி. ஈயம் வெக்கக் கூடாதுன்னு அர்த்தம், சம்பந்தியம்மா.

தாளக் குப்பையில போட்டா யாருக்குத் தெரியும்? சாமான் மட்டம்னு போயிடும். மறைக்காம எழுதறேன், தாளக் கசக்கிட்டேன். உறைக்குள்ள என்ன இருக்குன்னு இரும்புக்காரர் பிரிச்சா பாக்கப் போறாரு?

அப்ப உள்ள பவி போன்ல பேசறது கேட்டுது: "சார், அந்த சென்சார் வேணாம் சார். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

தாளக் கொண்டு போய் அவ முன்னாடி விரிச்சேன். "நீ தப்பாச் சொல்லலடி. நான் அழுத்தல. ஈயம் வெச்சேன்."

அவ தாளப் பாத்தா, என்னைப் பாத்தா. "ஏன் ஆயா சொல்லல?"

"உன் குழாயவிட என் ஈயம் உசத்தின்னு நெனச்சேன்"ன்னேன்.

சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னா: "அது ஒயர் வழியாத்தான் மூச்சு விடுது ஆயா. புகையோட ஒப்பிட்டுப் பாக்க வெளிக்காத்து வேணும். அந்தக் காத்து ஒயருக்குள்ள இருக்கிற இடுக்கு வழியாத்தான் போவுது. ஈயம் உருகி ஓடி அத அடைச்சிடுச்சு."

நல்லா பத்த வெச்சதுதான் கெடுதலாப் போச்சு. இத எந்தக் கம்பெனியில போய்ச் சொல்லுவேன்?

ஈயம் ஓடின வரைக்கும் வெட்டி எறிஞ்சா. ஒயர் குட்டையாயிடுச்சு. "இன்னொரு தடவ வெட்டினா பிளக் எட்டாது. இதுதான் கடைசி"ன்னா. என்னைப் போகச் சொல்லுவான்னு நெனச்சேன். "ஒயரப் புடி ஆயா. இறுக்காத. ஆடாமப் புடி"ன்னா. என் கை தானா இறுக்கிச்சு. இருபத்திரெண்டு வருஷப் பழக்கம். அவ இன்னொரு கையால என் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டு, நான் எடுத்து வெச்சிருந்த குழாய் நாலையும் ஒண்ணொண்ணா அழுத்தினா.

அன்னைக்கே தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் ரெண்டு நடை ஓட்டிப் பாத்தா. வெள்ளிக்கிழமை காலையில நானும் கூடப் போனேன். நீங்க உக்கார்ற சீட்ல அவ, பக்கத்துல நான். வழி பூரா அந்த விளக்கு இருக்கிற இடத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். டெஸ்ட் பண்றவரு குழாயில கம்பிய விட்டாரு, கம்ப்யூட்டரப் பாத்தாரு. "இருங்க, இன்னொரு தரம் பாக்கலாம்"னாரு. ரெண்டாந்தரம் பாத்துட்டு, "முந்தாநாள் வந்த அதே வண்டியாம்மா?"ன்னு கேட்டுக்கிட்டே பாஸ் சீட்ட நீட்டினாரு.

வீட்டுக்கு வந்தா இரும்புக்காரர் வாசல்ல நிக்கறாரு. சேகர் சீட்ட ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தான். "அந்த செருப்பு கடிக்கல போலிருக்கு"ன்னான். அப்புறம் அவருக்குக் காபி குடுத்து அனுப்பி வெச்சான். கடிச்சது செருப்பு இல்ல, உன் அம்மான்னு நானே அவன்கிட்ட சொன்னேன்.

ஒரு தடவ வாய் திறந்ததும் அடுத்ததும் வருது. பவி படிப்பு விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. கீழ்க்கட்டளைக்கு ஒரே பஸ். வந்து சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்களா, இல்ல அழுதிருப்பீங்களா?

நாளைக்கு சேலையூர் சார் வண்டி. பவி இடுக்கிய என் கையில குடுத்து, "நாலையும் நீ அழுத்து ஆயா"ன்னிருக்கா. அவ சொல்ற இடத்துல, அவ சொல்ற அளவுக்கு மட்டும் அழுத்துவேன். தப்பானா அன்னைக்கே வாய் விட்டுச் சொல்லிடுவேன். இது உங்க மேல சத்தியம்.

இப்படிக்கு,
நம்ம பேத்தியோட இன்னொரு பாட்டி