சுருண்ட இலை நுனி

தென்காசி
5-8-1962

அன்பு மகன் இசக்கிப்பாண்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் பம்பாய் மழையில் காய்ச்சல் கீய்ச்சல் வராமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுதான் இங்கே சரியில்லை. உன்கூடப் படித்த அச்சன்புதூர் பரமசிவனின் மனைவி ரெங்கம்மாளும் நாலு வயது மகளும் ஆனிக் கடைசியில் இறந்துவிட்டார்கள். குற்றாலம் மலையடியில் வேலைக்குப் போனவன் வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தோண்டிக்கொண்டு வந்தது கலப்பைக்கிழங்கு, செங்காந்தள் கொடியின் விஷக்கிழங்கு. அவித்துத் தின்றிருக்கிறார்கள். பிள்ளை மறுநாளே போய்விட்டது, ரெங்கம்மாள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனாள். கொஞ்சமாகத் தின்ற இவன் பிழைத்தான், தலைமுடியெல்லாம் கொத்துக்கொத்தாக உதிர்ந்துவிட்டது.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் விஷச்செடிகளைப் படம் எடுத்து அட்டையில் ஒட்டி ஊர்க்காரர்களுக்குக் காட்டினேன், அதில் இந்தக் கொடியும் உண்டு. பரமசிவன் முன்வரிசையில் இருந்து பார்த்தவன். துஷ்டி கேட்கப் போனபோது அவனே சொன்னான், "நீங்க காட்டுன படம் ஞாபகம் இருந்துச்சு சார்வாள், ஆனா அதுல ஒரே இலையும் புல்லுமால்லா கெடந்துச்சு, எது கொடின்னு எனக்கு வெளங்கல" என்று. குற்றமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னை அறுக்கிறது. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன், அவன் சொன்னது நிஜம். பூத்துவிட்டால் அந்தக் கொடியைச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், பூக்குமுன் இலை நுனி கம்பிபோல் சுருண்டிருப்பதுதான் அடையாளம், அது பின்னால் இருந்த புல்லோடு புல்லாகக் கலந்து கிடக்கிறது.

ஆகவே பள்ளிக்கூடக் காமிராவுக்குக் கிட்டத்தில் வைத்து எடுக்கிற லென்ஸ் ஒன்று வேண்டும். அதற்கென்றே செய்த புது லென்சுக்கு என் இரண்டு மாதச் சம்பளம் கேட்பான், வேண்டாம். இருக்கிற லென்சுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடி மலிவு, ஆனால் ஓரமெல்லாம் கலங்கும். பழைய சாமான் கடையில் சற்று நீளமான லென்ஸும், அதற்கும் காமிராவுக்கும் நடுவில் வைக்கிற வளையங்களும் கேள், அளவைத் தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். வெளியே கீறல் இருந்தால் பரவாயில்லை, உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார், நம்மூர்ச் சாரலில் அது பரவிவிடும். கடையிலேயே ஒரு இலையைப் பிடித்து, லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து பார்க்க வேண்டும். நுனி மட்டும் ஊசிபோல் தெரிந்து, பின்னால் உள்ளதெல்லாம் மெத்தென்று கரைய வேண்டும். பின்னால் வெளிச்சப்புள்ளிகள் கோணல்கோணலாகப் பளிச்சிட்டால் எவ்வளவு மலிவானாலும் வாங்காதே, பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும்.

"செத்தவுக திரும்பியா வரப்போறாவ, இந்த வயசுல மலைக்குப் போணுமாக்கும்" என்று அம்மா சத்தம் போடுகிறாள்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ரயிலில் தொங்கிக்கொண்டு போகாதே. குற்றாலநாதர் உன்னைக் கண்போல் காக்கட்டும். மேட்டுப்பக்கத்துக் கொடிகள் மொட்டு வைத்துவிட்டன, தாமதிக்காமல் அனுப்பு. நேற்று பரமசிவன் வந்திருந்தான், தோண்டின இடத்தை அவனே காட்டுகிறானாம். நீ வரவேண்டாமப்பா என்றேன். "காத்துல இலை ஆடுமே சார்வாள், நான் புடிச்சுக்கிடுதேன்" என்றான்.

உன் அப்பா
ஆவுடைநாயகம்