மரவள்ளிக்கு இஞ்சி

டிக்கோயா
ஒக்டோபர் 1974

அன்புள்ள அழகம்மாவுக்கு, கந்தப்பன் சொல்லச் சொல்ல மார்கிரட் டீச்சர் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை செய்யும் மடத்துக் குசினிக்கு, பர்மா சண்டைக்குப் போய்வந்த என்னைப் போன்ற கிழவர்களைச் சாமியார் சனிக்கிழமைதோறும் கூப்பிட்டுச் சேர்ந்து சமைக்க வைக்கிறார். கை வேலையாக இருந்தால் மனதில் அடைத்திருப்பது வெளியே வருமாம். அதெப்படி என்று பார்க்க எனக்கும் ஆசை. இக்னேசியஸ் மட்டும் மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை. போன சனிக்கிழமை மரவள்ளி உரிக்கும்போது நான் வேண்டுமென்றே இஞ்சியை நசுக்கினேன்.

"யோவ், மரவள்ளியில இஞ்சி சேந்தா வெசம்யா! எங்களக் கொல்லவா பாக்குற?" என்று பாய்ந்து பிடுங்கினார்.

"அட, ஒனக்கு வாய் இருக்காய்யா?"

சிரித்துவிட்டார். பிறகு கிழங்கை உரித்துக்கொண்டே, ஆற்றோடு போன கூட்டாளி தினமும் கனவில் கூப்பிடுவதைச் சொன்னார். சொல்லி முடித்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

எனக்கு அதே யோசனை. நான் தூக்கத்தில் ஏன் கத்துகிறேன் என்று முப்பது வருஷமாக நீ கேட்கிறாய். அதை டீச்சர் கையால் எழுத வைக்க மனமில்லை.

இங்கே குளிர் அதிகம், என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. தபால்காரர் வந்துவிட்டார். தீபாவளிக்கு வருகிறேன். மரவள்ளியை உரிக்காமல் வைத்திரு, இரண்டு பேருமாக உரிப்போம்.

கந்தப்பன்